நடுவர் ஜெயரட்ணத்தின் இரு கைகள்

ஆக்லாந்து நகரின் லின்ஃபீல்டில், கடலை நோக்கிச் சரியும் தெருவொன்றின் கடைசி வீட்டில், 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மாலைகளில், ஜெயரட்ணம் அலுமாரிக் கண்ணாடியின் முன் நின்று கைகளை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தேநீருக்கு முன் கால்மணி நேரம் இதைச் செய்வார்.

மூன்றாம் நாள் மனைவி சுகந்தினியால் பொறுக்க முடியவில்லை. அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு காவடி ஆடுறியள்?"

"ஆடேல்லை. தீர்ப்புச் சொல்லுறன்."

"ஆருக்கு?"

"இப்போதைக்கு உம்மட அலுமாரிக்கு."

"அது பாவம், ஒரு பிழையும் செய்யேல்லை. தேத்தண்ணி ஆறுது, வாங்கோ."

ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். அது அவருடைய தொழில். அதற்கு அப்பால், பத்தொன்பது ஆண்டுகள் பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றிருக்கிறார். வெள்ளைக் கோட்டு, பந்துகளை எண்ணக் கோட்டுப் பையில் ஆறு கூழாங்கற்கள், வெயிலுக்கு ஒரு தொப்பி. அவர் விரலை உயர்த்தினால் அடித்து ஆடியவன் வாய் திறக்காமல் நடந்துவிடுவான் என்று அக்காலத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் தாமாக எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. பிறர் சொல்லும்போது மறுத்ததுமில்லை.

1989இல் குடும்பத்துடன் ஆக்லாந்து வந்தார். முதல் ஐந்து ஆண்டுகள் ஏவன்டேலில், ரயில் பாதை ஓரத்து வாடகை வீடு. 1994இல் மோர்ட்கேஜ் எடுத்து லின்ஃபீல்ட் வீட்டுக்கு மாறினார்கள். கட்டட வரைபடங்களைப் பிரதியெடுத்துக் கொடுக்கும் அச்சகமொன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. நிலத்தை அளந்து கோடு போட்டவர், பிறர் போட்ட கோடுகளைப் பிரதியெடுத்தார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், இந்த நாட்டில் ஏழு ஆண்டுகளாக எவரும் தம்மிடம் வந்து "இது சரியா, பிழையா?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தக் கேள்வி மகள் வழியாக வந்தது. பதினான்கு வயதுப் பிரணவி பள்ளித் தோழிகளோடு சேர்ந்து ஒரு கழகத்தில், பேஸ்பாலை ஒத்த சாஃப்ட்பால் ஆடத் தொடங்கியிருந்தாள். அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு அணியும், தான் ஆடாத வேறோர் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கப் பெற்றோரில் ஒருவரைக் கொடுக்கவேண்டும். பெயர் கேட்கப்பட்ட நாளில் பெற்றோர் எல்லோருக்கும் திடீரென்று காரில் ஏதோ எடுக்க வேண்டியிருந்தது. ஜெயரட்ணம் மட்டும் அசையாமல் நின்றார்.

"அப்பா, இட்ஸ் நாட் கிரிக்கெட், ஓகே?" என்று காரில் வரும்போது பிரணவி எச்சரித்தாள்.

"தெரியும் பிள்ளை. ரூல் புத்தகம் தந்திருக்கினம்."

புத்தகத்துக்குப் பழுப்பு நிற உறை போட்டு, மூன்று முறை வாசித்தார். பிறகு கோடிட்ட கொப்பியொன்றில் தமிழில் குறிப்பெழுதினார். அந்தக் கொப்பி இன்றும் இருக்கிறது. எழுத்து வரைபடத்தில் உள்ளதுபோலவே நிமிர்ந்து நிற்கிறது.

பந்து காற்றில் எழுந்துவிட்டால் நடுவரின் வாயைவிடக் கைகளே அதிகம் பேசவேண்டும் என்பதுதான் அந்த ஆட்டத்தில் அவரை முதலில் ஈர்த்தது. முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு கோட்டருகே ஓடவேண்டும். அடிப்பவரிடமிருந்து விரிந்து செல்லும் இரு சுண்ணாம்புக் கோடுகளுக்கும் உள்ளே பந்து விழுந்தால் அது ஃபேர்; அதற்குச் சத்தமே கூடாது, உட்புறத்தைக் கையால் சுட்டிக்காட்டினால் போதும். வெளியே விழுந்தாலும், உள்ளே விழுந்து, எவரும் தொடாமல், பேஸ் என்னும் ஓடுதளத்துக்கு முன்பே வெளியே உருண்டு நின்றாலும் ஃபவுல். இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி உரக்கக் கூவவேண்டும், அந்தக் கணமே ஆட்டம் நின்றுவிடும். பந்தைப் பிடித்துவிட்டால் முஷ்டியை உயர்த்தி அவுட் கொடுக்கவேண்டும். பிடிபடாமல் போனால் இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கவேண்டும். இவற்றுள் நுட்பமானது இன்னொன்று. முதல், இரண்டாம் பேஸ்களில் அடிக்கும் அணியின் ஆட்கள் நிற்கையில், எளிதில் பிடிக்கக்கூடிய பந்தொன்று கிட்டவே உயர எழுந்தால், பிடிப்பவர் வேண்டுமென்றே அதை நழுவவிட்டு இருவரை ஒருசேர வெளியேற்ற முடியும். அந்தத் தந்திரத்தைத் தடுக்க, பந்து மேலே இருக்கும்போதே நடுவர் வலது முஷ்டியை உயர்த்தி, அடித்தவர் அவுட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பந்து கோட்டருகே என்றால் "ஃபேரானால்" என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த விதிக்கு ஜெயரட்ணம் கொப்பியில் முழுப் பக்கம் ஒதுக்கி, அடியில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்.

நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் மேவிஸ் என்னும் மாவோரிப் பெண்மணி. ஒனஹங்காவில் பேருந்து ஓட்டுபவர், அகன்ற தோள், தணிந்த குரல். எழுத்துப் பரீட்சையில் ஜெயரட்ணம் ஒரு விடையைக்கூடப் பிழைவிடவில்லை. "புத்தகம் உங்கள் தலையில் இருக்கிறது. அது கைக்கு வந்துவிட்டதா என்று களத்தில் பார்ப்போம்" என்றார் மேவிஸ்.

களப் பரீட்சை 1996 டிசம்பர் 7, சனிக்கிழமை காலை நடந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களின் ஆட்டம். பிரணவியின் அணி அதில் இல்லை. அவள் எல்லைக்கு வெளியே, டெய்ரி எனப்படும் தெருமுனைக் கடையில் வாங்கிய 'பை' என்னும் பணியாரத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து இன்னிங்ஸ் வரை ஒரு குறையும் இல்லை. ஆறாவதில் சீனா என்ற உயரமான சமோவப் பெண் அடிக்க வந்தாள். இரண்டு பேஸ்களில் அவளுடைய தோழிகள் நின்றார்கள். அவள் அடித்த அடியில் பந்து பிடிப்பவர் எல்லோருடைய தலைக்கும் மேலாக எழுந்து, அடுத்த மைதானத்துக் கோல் கம்பத்தை நோக்கிப் பறந்தது. அப்படியோர் அடியை ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு கண்டதில்லை.

அவருடைய இரு கைகளும் தலைக்குமேல் எழுந்தன.

பத்தொன்பது ஆண்டுகளாக அப்படிப்பட்ட பந்துக்கு அந்தக் கைகள் அதைத்தான் செய்திருந்தன. கிரிக்கெட்டில் அது ஆறு ஓட்டம். கைகளைக் கண்டதும் ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். பந்தைத் துரத்தியவளும் நின்று திரும்பிப் பார்த்தாள். உயர்த்திய கைகளை இறக்குவதற்குள் ஜெயரட்ணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபவுல் என்று காட்டியாயிற்று; ஆட்டம் நின்றாயிற்று; நின்றதை மறுபடி ஓடவிட விதி இல்லை. புத்தகத்தின் அந்தப் பக்க எண்கூட அவருக்கு நினைவில் இருந்தது.

சீனா திரும்பி வந்து மறுபடி அடிக்க நின்றாள். அடுத்த பந்துகளைத் தவறவிட்டு வெளியேறினாள். அவளுடைய அணி ஓர் ஓட்டத்தால் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அவள் நேரே அவரிடம் வந்தாள். "அது ஃபவுல் இல்லைதானே, அங்கிள்?"

"இல்லை" என்றார் ஜெயரட்ணம். "நல்ல அடி. என் கைகள் பிழைவிட்டன."

அவள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மேவிஸ் மடக்கு நாற்காலியை மடித்தபடி வந்தார். திட்டவில்லை. "பிப்ரவரியில் இன்னொரு முறை வாருங்கள். அதிலும் கைகள் இப்படிச் செய்தால், ஸ்கோர் எழுதும் மேசையில் உங்களுக்கு எப்போதும் இடமுண்டு. நடுவராக மட்டும் விடமுடியாது" என்றார்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது பிரணவி, "இட்ஸ் ஓகே அப்பா, யூ லுக்ட் ரியலி ஹாப்பி தோ" என்றாள். அது ஆறுதலா, கேலியா என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து கண்ணாடி முன் நிற்பதை அவர் விட்டுவிட்டார். சுகந்தினி ஒரு வாரம் பார்த்தார். அவர் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தவர். நாற்பது பேருக்குச் சமைப்பவருக்கு எதையும் நீட்டி யோசிக்க நேரமிருப்பதில்லை.

"இப்ப என்ன, அந்த மேசையிலை இருந்து எழுதப் போறியளோ?"

"என்ரை கையை எனக்கே நம்பேலாமல் கிடக்கு, சுகந்தி. தலைக்குத் தெரியுது. கைக்குத் தெரியேல்லை. பந்து உயரப் போனா அது தன்ரை பாட்டிலை எழும்புது."

"கையைக் கட்டி வைக்கலாமோ?"

"ஃபவுலுக்கு அதே கை வேணுமே. பிறகு அது எழும்பாட்டி?"

சுகந்தினி யோசித்தார். "அப்ப கட்ட ஏலாது. சுணங்கப் பண்ணத்தான் வேணும். பின்னுக்கு வாங்கோ."

பின்வளவில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயைப் புல்லின்மேல் நேராக இழுத்துப் போட்டார். அதுதான் கோடு. ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கில் சிறியவையாகப் பார்த்து ஒரு வாளியில் போட்டுக்கொண்டு படியில் நின்றார்.

"நான் எறிவன். கிழங்கு விழுந்து, உருண்டு, பேசாமல் கிடக்கும் வரைக்கும் கை அசையப்படாது. அதுக்குப் பிறகு என்னெண்டாலும் காட்டுங்கோ."

முதல் கிழங்கு உடை காயப்போடும் கம்பத்தைத் தாண்டி எழுந்தது. ஜெயரட்ணத்தின் கைகள் அதற்கு முன்பே எழுந்துவிட்டன.

"ஆறு ஓட்டம்!" என்றார் சுகந்தினி. "இண்டைக்குச் சாப்பாடு இல்லை. இறக்குங்கோ கையை."

டிசம்பரில் தொடங்கும் அந்நாட்டுக் கோடைகாலம் முழுவதும் இது நடந்தது. நாளொன்றுக்கு இருபது கிழங்கு என்பது சுகந்தினியின் நினைவு. முப்பது என்று ஜெயரட்ணம் எழுதி வைத்திருக்கிறார். அடிபட்ட கிழங்குகள் அன்றன்றைக்கே பிரட்டல் கறியாயின. "நோ மோர் பொட்டேட்டோ, ப்ளீஸ்" என்று பிரணவி தை மாத நடுவில் தட்டைத் தள்ளிவைத்தாள். பக்கத்து வீட்டு மாரிசாமி, திருநெல்வேலியிலிருந்து வந்து கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"என்ன சார், மேடம் தினமும் உருளைக்கிழங்கால அடிக்கிறாங்க, நீங்க அசையாம நிக்கிறீங்க? எங்க வீட்ல பாத்திரம்தான் வரும், நான் ஓடிருவேன்."

"நான் ஓடக்கூடாது தம்பி. அதுதான் பயிற்சி."

மெல்ல மெல்லக் கைகள் பழகின. கிழங்கு எழும்போது தோளில் ஒரு துடிப்பு வரும், அதோடு நின்றுவிடும். கிழங்கு குழாயைத் தொட்டு, தயங்கி, எப்பக்கம் சாய்வதென்று முடிவெடுக்கும்வரை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே விழுந்தது வெளியே உருண்டுபோவதும், வெளியே போகும்போலத் தெரிந்தது கோட்டிலேயே தங்கிவிடுவதும் எத்தனை முறை நடக்கிறது என்பது அவருக்கு வியப்பாக இருந்தது.

இரண்டாம் பரீட்சை 1997 பிப்ரவரி 22, சனிக்கிழமை. மனுக்காவ் பக்கமிருந்து காற்று வீசியது. மேவிஸ் தட்டச்சிட்ட தாளைப் பலகையில் செருகிக்கொண்டு அதே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். களத்தில் இறங்கிய அணிகளில் ஒன்று சீனாவுடையது. அவள் மூன்றாம் பேஸில் காவல் நின்றாள். ஜெயரட்ணத்தைக் கண்டு புருவத்தை உயர்த்தினாள். அவர் தொப்பியைத் தொட்டார்.

நான்காம் இன்னிங்ஸில் எதிரணிப் பெண் ஒருத்தி நெடுந்தூரம் அடித்தாள். பந்து வானில் ஏறியது. தோள் துடித்தது. கைகள் தொடைகளோடு ஒட்டியே இருந்தன. சுகந்தினி அன்று வந்திருந்தார். எல்லைக்கு வெளியே அவர் விட்ட பெருமூச்சு பிரணவிக்குக் கேட்டது. பந்து உள்ளே விழுந்தது, அவர் சத்தமின்றிக் கையால் சுட்டினார், ஆட்டம் ஓடியது.

சோதனை கடைசி இன்னிங்ஸில் வந்தது. சீனாவின் அணி ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. முதல், இரண்டாம் பேஸ்களில் எதிரணியினர். ஒருத்தி ஏற்கெனவே வெளியேறியிருந்தாள். அடித்த பந்து நெட்டுக்குத்தாக எழுந்து மூன்றாம் பேஸ் கோட்டை நோக்கிச் சாய்ந்தது. எளிய பந்து. ஜெயரட்ணம் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு கோட்டின்மேல் ஓடி, வலது முஷ்டியை உயர்த்தினார். "இன்ஃபீல்ட் ஃப்ளை! அடித்தவர் அவுட்!"

சொன்ன அடுத்த கணமே, ஒரு சொற்றொடரை விட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திருத்த நேரமில்லை. காற்றும் வெயிலும் சேர்ந்து சீனாவை ஏமாற்றின. அவள் கையுறையை உயர்த்தித் தடுமாற, பந்து அவளைத் தொடாமல், கோட்டுக்கு ஒரு சாண் உட்புறமாக, பேஸுக்கு முன்னால் விழுந்தது. விழுந்து சுழன்று, வெளியே உருளத் தொடங்கியது.

"தொடு! தொடு!" என்று ஒரு பக்கம் கத்தியது. "விடு!" என்று மறுபக்கம். இரு பயிற்சியாளர்களும் அவருடைய கைகளையே பார்த்தார்கள். ஜெயரட்ணம் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றார். அவருக்கு முன்னால் அந்த நேரம் பந்து இல்லை, உருளைக்கிழங்குதான் இருந்தது. அது சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஏறியது. தயங்கியது. மறுபுறம் இறங்கி, ஈரப் புல்லில் இரண்டங்குலம் போய்க் கிடந்தது.

அப்போதுதான் இரு கைகளும் தலைக்குமேல் எழுந்தன. "ஃபவுல்!"

சீனாவின் பயிற்சியாளர் சிவந்த முகத்தோடு ஓடிவந்தார். "அவுட் என்று சொன்னீர்களே! எல்லோரும் கேட்டோம்!"

"சொன்னேன்" என்றார் ஜெயரட்ணம். "ஃபேரானால் என்று சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதது என் பிழை. ஆனால் பந்து வெளியே போய்விட்டது, எவரும் தொடவில்லை. விதி மாறாது. அவள் மறுபடி அடிப்பாள்."

பயிற்சியாளர் மேவிஸைத் திரும்பிப் பார்த்தார். மேவிஸ் தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பயிற்சியாளர் திரும்பிப் போனார். மறுபடி அடித்த பெண் ஒரு நல்ல அடி அடித்தாள்; சீனாவின் அணி இரண்டாம் முறையும் தோற்றது.

கைகுலுக்கல்கள் முடிந்தபின் சீனா வந்தாள். அவர் ஏதும் சொல்வதற்குள், "இந்த முறை ஃபவுல்தான், அங்கிள். நான் பக்கத்தில்தானே நின்றேன்" என்று சொல்லிவிட்டு மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மேவிஸ் தாளை நீட்டினார். "ஒரு புள்ளி குறைத்திருக்கிறேன். ஏனென்று உங்களுக்கே தெரியும்."

"நானாக இருந்தால் இரண்டு குறைத்திருப்பேன்."

"அது தெரிந்துதான் ஒன்றோடு விட்டேன்." மேவிஸ் சிரித்தார். "கைகளை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள்?"

"மனைவி உருளைக்கிழங்கு எறிந்தார்."

மேவிஸ் பேனாவை மறுபடி திறந்தார். எல்லைக்கு வெளியே நின்ற சுகந்தினியை ஒருமுறை பார்த்தார். எழுதாமல் மூடிவிட்டார்.

தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தரும் வட்டத் துணிச்சின்னம் இரண்டு வாரத்தில் தபாலில் வந்தது. வெளிர்நீலச் சட்டையின் இடது கையில் சுகந்தினி அதைத் தைத்தார். ஒரு நூலிழை சாய்ந்திருப்பதாகச் சொல்லி ஜெயரட்ணம் பிரித்துத் தைக்கச் சொன்னார். "நீங்களே தையுங்கோ, அம்பயர்" என்று ஊசியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார் அவர். சின்னம் இன்றும் சற்றுச் சாய்வாகத்தான் இருக்கிறது.

இந்த வரலாறு அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, தமிழர்களின் ஆண்டு விளையாட்டு விழாவில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. அனுபவசாலி என்று சொல்லி மாரிசாமிதான் அவரை அழைத்துப் போனார். பழைய வெள்ளைக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு ஜெயரட்ணம் நடுவராக நின்றார். பந்துகளை எண்ணும் கூழாங்கற்கள் ஆறை மாரிசாமி தம் வீட்டு வாசலிலிருந்தே பொறுக்கி வந்திருந்தார்.

எட்டாவது ஓவரில் மாரிசாமி தம் வாழ்நாளின் மிகப் பெரிய அடியை அடித்தார். பந்து எல்லைக் கயிற்றை வெகு உயரத்தில் தாண்டி, கார்கள் நிற்கும் இடத்தில் குதித்து, தார்ச்சாலைச் சரிவில் உருளத் தொடங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. மட்டையைத் தூக்கியபடி மாரிசாமி நடுவரைப் பார்த்தார்.

ஜெயரட்ணம் முழங்காலில் கையூன்றிக் குனிந்து, கண்ணைச் சுருக்கிச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்! சிக்ஸ் சார்!"

"பொறும் தம்பி."

"எதுக்கு சார் பொறுக்கணும்? பவுண்டரி தாண்டி ரோட்டுக்கே போயிருச்சு!"

"இன்னும் நிக்கேல்லை."

பந்து ஒரு வேனின் அடியில் புகுந்து, மறுபக்கம் வெளிவந்து, நடைபாதைக் கல்லில் முட்டி நின்றது. அதன்பின் ஜெயரட்ணத்தின் இரு கைகளும் நிதானமாகத் தலைக்குமேல் எழுந்தன. மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் கைதட்டியது பிரணவிதான்.

ஓவர் முடிந்ததும் அவர் கோட்டைக் கழற்றி மடித்து, ஆறு கற்களையும் மாரிசாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"வேறை ஆரையும் நிக்கச் சொல்லும் தம்பி. எனக்கு அடுத்த சனிக்கிழமை சாஃப்ட்பால் இருக்கு. இந்தக் கையைத் திருப்பியும் குழப்பினா, கிழங்கு எறிய சுகந்தி ஒத்துக்கொள்ளமாட்டா."